வீழ்ந்த பறவையைத் தேடுபவன்

கனடாவின் மானிடோபா மாகாணத்திலே வாழும் என் தங்கை மகன் சென்ற மாதம் எனக்கொரு கடிதம் விடுத்திருந்தான். கடிதம் என்பது பழக்கத்தால் வந்த சொல். கைப்பேசியில் வந்த செய்திதான். ஆயினும், மூன்று பக்க அளவுக்கு நீண்டிருந்தமையால் அதனைக் கடிதமென்றே கொள்கிறேன். அதன் சாரம் இது:

“மாமா, இங்கே செப்டெம்பரில் வாத்து வேட்டை தொடங்குகிறது. என்னுடன் வேலை செய்பவர்கள் என்னையும் அழைக்கிறார்கள். துப்பாக்கி உரிமத்துக்கான வகுப்பையும் சோதனையையும் முடித்துவிட்டேன். ஆனால் எந்தத் துப்பாக்கி வாங்குவது, எந்தத் தோட்டா வாங்குவது என்பதிலே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தாத்தா ராகலையில் பெரிய வேட்டைக்காரராக இருந்தவர் என்று அம்மா சொல்வார்கள். அவர் என்ன துப்பாக்கி வைத்திருந்தார்? நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள்.”

கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். என் தந்தை துப்பாக்கி வைத்திருந்தவரல்லர். அவர் ஒரு குண்டும் சுட்டதில்லை. எங்கள் லயத்திலே அந்நாளில் துப்பாக்கி உரிமம் பெற்ற ஒருவரும் இருந்ததில்லை. அவர் வேட்டைக்குப் போனது உண்மை. போனது பை சுமக்கவும், சேற்றில் இறங்கி விழுந்த பறவையைத் தேடி எடுக்கவும். என் தங்கை பிள்ளைக்குக் கதை சொன்னபோது அந்தச் சிறு வேறுபாட்டை விட்டுவிட்டாள் போலும். தாயார் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில் அவ்வாறு நேர்வது இயல்பே. ஆயினும் துப்பாக்கி வாங்கப் போகிறவனுக்கு அந்த வேறுபாடு சிறியதன்று. அவனுக்கு எழுதிய மறுமொழியையே, சற்று விரித்து, வாசகர் முன் வைக்கிறேன். நம்மவரிற் பலர் இன்று கடல் கடந்த நாடுகளிலே, நம் பாட்டனார் கண்டிராத உரிமைகளோடு வாழ்கின்றனர். உரிமை வந்த இடத்தில் தேர்வும் வருகிறது. தேர்வு வந்த இடத்தில் பொறுப்பும் வருகிறது.

ராகலை வாத்துகளின் ஊரன்று. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்திலே, பனியும் தேயிலையுமாய்க் கிடக்கும் ஊர் இது. 1904ஆம் ஆண்டிலே நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக வந்து சேர்ந்த சிறு ரயில் பாதை இங்கேதான் முடிந்தது. அந்தப் பாதையும் 1940களில் மறைந்தொழிந்தது. ஆனால் மலையிலிருந்து கீழே வலப்பனைப் பக்கம் இறங்கினால் படிப்படியாய் அமைந்த நெல்வயல்கள் உண்டு. அந்த வயற்சேற்றுக்கு ஆண்டுதோறும் சைபீரியப் புலங்களிலிருந்து உள்ளான் குருவிகள் வந்து சேர்ந்தன. புரட்டாதி, ஐப்பசியில் வந்து சித்திரையில் மீளும் விருந்தினர் அவை. காலடியில் இருப்பதே தெரியாது. மிதிக்கும் தறுவாயில் எழும். எழுந்ததும் நேரே பறவாமல் இடமும் வலமும் வெட்டி வெட்டிப் பறக்கும். அதைச் சுடுவது அத்துணை அரிது. மறைந்திருந்து குறிதவறாமற் சுடும் படைவீரனை இன்று உலகமெங்கும் ‘ஸ்னைப்பர்’ என்கிறார்களே, அச்சொல்லே இந்த உள்ளானின் ஆங்கிலப் பெயரிலிருந்து, 18ஆம் நூற்றாண்டு இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்களின் வாயிலே பிறந்ததுதான்.

தோட்டத்துரைமாருக்கு இந்த மலைநாடு வேட்டைக்காடாகவே தோன்றியது. 1,400 யானைகளுக்கு மேற் கொன்றவர் என்று சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், தம் வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாகவே வெளியிட்டார். அந்த நூல்களிலே துப்பாக்கியின் எடை உண்டு. மருந்தின் அளவு உண்டு. வீழ்ந்த விலங்கின் கணக்கும் உண்டு. பை சுமந்தவனின் கணக்குத்தான் இல்லை. ஆகையால் என் தந்தையின் கணக்கை இங்கே சொல்கிறேன்.

1930களில் அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை ஒருவர் மோட்டார் வண்டியில் வயற்புறம் இறங்குவார். இரண்டு சிறுவர்கள் உடன் போவார்கள். சுட்டபின் ஓடிப் போய்ப் பறவையை எடுத்து வந்தால் தலைக்கு ஒரு சதம். மாலையிலே துரை பையைக் கொட்டி எண்ணிப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். என் தந்தையும் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்: எழுந்தவை எத்தனை, சுடப்பட்டவை எத்தனை, தடுமாறிப் போய் வரப்புக்கு அப்பால் விழுந்தவை எத்தனை, தேடியும் கிடையாதவை எத்தனை. இந்த இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை என்று அவர் சொல்வார். கிடையாத பறவைக்குப் பழி தேடியவன் மேல்தான் விழும். “கண்ணில்லையா?” என்ற ஏச்சு, சில நாள் காதைப் பிடித்துத் திருகலும் உண்டு. மறுநாள் விறகுக்குப் போகிறபோது, சிறகொடிந்து புல்லுக்குள் ஒடுங்கிக்கிடக்கும் பறவையை அவர் காண்பதுண்டு. “அது என்னைப் பார்த்து ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை, கண் மட்டும் திறந்திருந்தது” என்று எழுபது வயதிலும் சொல்வார். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

இதனை இரக்கம் தேடுவதற்காகச் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பற்றிய முதல் உண்மை இதிலே அடங்கியிருப்பதனால் சொல்கிறேன். பறவை வேட்டைத் துப்பாக்கி ஒற்றைக் குண்டை எறிவதன்று. நூற்றுக்கணக்கான ரவைகளை ஒரு கூட்டமாய் எறிவது. அருகில் அக்கூட்டம் அடர்ந்திருக்கும்; தூரம் செல்லச் செல்லப் பரந்து மெலியும். அடர்ந்த இடத்தில் அகப்பட்ட பறவை உடனே விழும். மெலிந்த ஓரத்தில் அகப்பட்டதோ ஒன்றிரண்டு ரவைகளை உடலில் ஏந்திக்கொண்டு பறந்துபோகும். சுடுபவன் ‘தவறிவிட்டது’ என்று அடுத்த தோட்டாவை இடுகிறான். ஆனால் அது தவறவில்லை, மெல்லச் சாகிறது. டென்மார்க்கிலே 1990களின் தொடக்கத்தில், வலையிற் பிடித்த காட்டு வாத்தினம் ஒன்றை எக்ஸ்றே எடுத்துப் பார்த்தபோது, வளர்ந்த பறவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் உடலில் ரவைகள் இருந்தன. அதன்பின் அந்நாட்டு வேட்டைக்காரரை நெருங்கியே சுடுமாறு பயிற்றினர். அந்தத் தொகையும் குறைந்தது. குறைத்தது புதிய துப்பாக்கியன்று, குறுகிய தூரம்.

ஆகவே மருமகனுக்கு நான் கூறிய விதி ஒன்றுதான்: துப்பாக்கியைத் தேரும்போது சுடுபவனாக நின்று தேராதே, வீழ்ந்த பறவையைத் தேடிப் போகிறவனாக நின்று தேர்ந்துகொள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் நூறு கதைகளும் தாமே வரிசைப்பட்டு நின்றுவிடும்.

முதலாவது, குழலின் அளவு. 12, 20 என்று சொல்லும் இலக்கங்கள் பலரை மயக்குவன. ஒரு றாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் அவற்றில் ஒன்றின் பருமன் எதுவோ அதுவே 12ஆம் இலக்கக் குழலின் உள்விட்டம். எனவே இலக்கம் கூடக் குழல் சிறுக்கும். 20ஆம் இலக்கம் இலகுவானது, தோளுக்கு இதமானது. ஆயின் அது ஏந்தும் ரவை குறைவு. கைதேர்ந்தவன் அதனைக் கொண்டு நன்றாகவே சுடலாம். புதியவனுக்கு நீர்ப்பறவை வேட்டையில் 12ஆம் இலக்கமே தக்கது. பெருமைக்காக அன்று, கூட்டம் அடர்த்தியாய் அமைந்தால் காயத்தோடு போகும் பறவை குறையும் என்பதற்காக.

இரட்டைக்குழலா, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஒற்றைக்குழலா என்பதிலே எனக்குப் பெரிய வழக்கில்லை. கனடாவிலே வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கி மூன்று தோட்டாவுக்கு மேற் கொள்ளாதபடி அடைப்பு இட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றே மிகை என்பேன். முதலாவது தோட்டாவை நம்பிச் சுடுகிறவன் நிதானித்துச் சுடுவான். இவற்றையெல்லாம்விட முக்கியமானது துப்பாக்கி உடலுக்குப் பொருந்துவது. குளிர்நாட்டிலே தடித்த மேலங்கி அணிந்து அதனைத் தோளில் ஏற்றும்போது, கன்னம் கட்டையிற் படிந்து, கண் தானே குழலின் வழியே நோக்க வேண்டும். சட்டைக்கு அளவெடுக்கும் நாம் துப்பாக்கிக்கு அளவு பாராமல் விடுவது விந்தையே. அளவு பொருந்தாத துப்பாக்கியால் எய்தவன் பறவையின் பின்புறத்தையே எய்வான். பின்புறத்திற் பட்ட பறவை உடனே சாவதில்லை.

இரண்டாவது, தோட்டா. இங்கேதான் நம் காலத்துப் பெருங்கேள்வி இருக்கிறது. துரைமார் காலத்தில் ரவையென்றால் ஈயந்தான். ஈயம் கனமானது, மலிவானது, குழலுக்கு மென்மையானது. ஆனால் சுட்ட ரவைகளிற் பறவையிற் படுவன சில; நீரின் அடியிலே சேற்றிற் படிவன பல. வாத்துக்குப் பல்லில்லை. விழுங்கிய விதையை அரைக்க அது சிறு கற்களைத் தேடி விழுங்கும். சேற்றிற் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்றே எண்ணி விழுங்குகிறது. இரைப்பையின் அரைப்பிலும் புளிப்பிலும் ஈயம் கரைந்து இரத்தத்திற் கலக்கிறது. சிறகு சோர்ந்து, உணவு செல்லாமல், சில கிழமைகளுக்குள் அது மெலிந்து மாள்கிறது. சுட்டவன் அந்தப் பறவையைக் கண்டதுமில்லை, குறி வைத்ததுமில்லை. சென்ற ஆண்டு எவனோ தவறவிட்ட தோட்டா இந்த ஆண்டு கொல்கிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஆய்வாளர் பிராங்க் பெல்றோஸ், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுதோறும் இவ்வாறு மடிகின்றன என்று 1959இல் மதிப்பிட்டார். சிறு விகிதமாய்த் தோன்றும். கோடிக்கணக்கான பறவைகளில் அது இலட்சக்கணக்கு.

இதனை உணர்ந்து அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை 1991இல் நாடு முழுவதும் விலக்கியது. டென்மார்க் 1996இல் ஈய ரவையையே முற்றாக விலக்கியது. கனடா 1999இல் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரி முதல் நீர்நிலைகளிலும் அவற்றைச் சூழ்ந்த 100 மீற்றரிலும் விலக்கியது. ஆகவே மருமகனுக்கு ஈயமா உருக்கா என்ற கேள்வியே இல்லை. உருக்கு, அல்லது பிஸ்மத், அல்லது டங்ஸ்டன் கலவை என்பனவே அவன் முன்னுள்ளவை.

ஆனால் உருக்கு ரவையைப் பழிக்கும் குரல் இன்றும் உண்டு. “அதற்குப் பலமில்லை, பறவையைக் காயப்படுத்தி விட்டுவிடும்” என்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மை. ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் பதினொரு மடங்குக்கு மேல். உருக்கினது எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இலேசான ரவை காற்றில் விரைவிலே வேகம் இழக்கும். அதற்கு மருந்து இரண்டு. ஒன்று, ரவையின் பருமனைக் கூட்டுவது. ரவையிலும் இலக்கம் கூடப் பருமன் குறையும். ஆதலால் ஈயத்தில் 6ஆம் இலக்கம் கொண்டு சுட்ட வாத்துக்கு உருக்கில் 4ஆம் இலக்கமோ 2ஆம் இலக்கமோ வேண்டும். மற்றது, தூரத்தைக் குறைப்பது. 30 மீற்றருக்குள் வரும்வரை காத்திருக்க இயலாதவன் கையிலே எந்த உலோகமும் நல்லதன்று. ஆக, உருக்கின் குறையென்று பழிக்கப்படுவது உண்மையில் அது நமக்குக் கற்பிக்கும் பொறுமையேயாம்.

உருக்கு வன்மையானதாகையால் ஒரு கூட்டமாய் நெருங்கியே செல்லும். எனவே குழல்வாயை மிகவும் இறுக்கத் தேவையில்லை. இறுகிய வாயுள்ள பழைய துப்பாக்கியில் உருக்கு ரவையை இடுவது குழலுக்குக் கேடு. மரபுரிமையாய் வந்த பழந்துப்பாக்கி வைத்திருப்போர், தேர்ந்தவரிடம் காட்டியபின் மென்மையான பிஸ்மத்தை இடலாம், விலை மிகுதிதான். தோட்டாவின் நீளத்தில் இரண்டே முக்கால் அங்குலமும் மூன்று அங்குலமும் போதும். மூன்றரை அங்குலத் தோட்டாவைப் பற்றிப் பெருமை பேசுவோர் உண்டு. அதன் உதைப்புக்கு அஞ்சிச் சுடுமுன்பே கண்ணை மூடிக்கொள்ளும் புதியவனுக்கு அதனால் வரும் பயன் யாது? இன்னொன்று: குழலில் எந்த நீளம் பொறித்திருக்கிறதோ அதற்கு மிஞ்சிய தோட்டாவை ஒருபோதும் இடலாகாது. உள்ளே நுழைகிறது என்பதனாற் பொருந்துகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, கடையில் விற்காத பொருள்: விழுந்ததைத் தேடும் உழைப்பு. சுட்ட பறவையை மீட்க நியாயமான முயற்சி செய்யவேண்டும் என்று கனடாவின் சட்டமே சொல்கிறது. அந்நாட்டிலே நாய் தேடுகிறது. நம் நாட்டிலே என் தந்தை தேடினார். அடர்ந்த கோரைக்கு மேலாகப் பறப்பதைச் சுடுவதா, திறந்த நீருக்கு மேல் வரும்வரை பொறுப்பதா என்பதைத் தேடுகிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். விழுந்தால் எடுக்க முடியாத இடத்திலே சுடலாகாது. தேடுகிறவன் தானேயானால் இந்த அறிவு முதல் நாளே வந்துவிடும்; வேறொருவனைத் தேடவிட்டால் வாழ்நாள் முழுதும் வராது.

1938 நவம்பர் 12ஆம் நாள், இந்தியாவின் பரத்பூரிலே, வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அத்தகைய வேட்டைக் கணக்குகளை அங்கே கல்லிற் பொறித்தும் வைத்தார்கள். காயத்தோடு பறந்துபோனவற்றின் கணக்கு எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுக்கு அது தெரியாது, தேடியவர்கள் அவர்களல்லர்.

‘கொல்லாமைக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்த நீர், மருமகனுக்கு வேட்டைக் கலை பயிற்றுகிறீரோ?’ என்று வாசகர் கேட்கலாம். கேட்பது முறையே. நான் வேட்டையை விரும்புகிறவன் அல்லன். நம் இனத்திலேயே வேறு வழி காட்டியவர்களும் உண்டு. தமிழ்நாட்டு வேடந்தாங்கல் ஊரவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, வெள்ளைச் சிப்பாய்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுடுவதைப் பொறாமல் முறையிட்டு, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து காப்புரிமை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அது துரைமார் புத்தகத்துக் கணக்கன்று. ஆயினும் சட்டம் இடங்கொடுக்கும் ஒரு நாட்டிலே, வயது வந்த ஒருவன், கடையில் இறைச்சி வாங்கி உண்பவன், தன் கையாலேயே தன் உணவைத் தேடப் போகிறேன் என்றால், அவனைத் தடுக்கும் அறத்தகுதி கோழிக்கறி உண்ணும் எனக்கு உண்டென்று கூறமாட்டேன். எவ்வாறு செய்யலாகாது என்று சொல்லும் தகுதி மட்டும், தந்தையார் வழியாக, எனக்கு உண்டு.

இந்தப் பேச்சு கனடாவோடு முடிவதுமன்று. இலங்கையிலே 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் காட்டுயிர்களுக்குக் காவலாய் நிற்கின்றன. ஆனால் நம் மலைத்தோட்டங்களில் இன்று கொல்வது துரையின் இரட்டைக்குழல் அன்று. தேயிலைச் செடிகளுக்கிடையே கட்டிவிட்ட கம்பிக் கண்ணியும், காட்டோரத்திலே யாருமின்றி வெடிக்கும் கட்டுத்துவக்குமே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்திலே பன்றிக்கு வைத்த கண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியதையும், சில நாட்களில் அது இறந்ததையும் நாடே அறியும். கண்ணி வைத்தவன் வீட்டில் உறங்குகிறான். எது சிக்கிற்று, எத்தனை நாள் துடித்தது என்பதை அவன் அறியவேண்டியதில்லை. கண்ணியும் கட்டுத்துவக்கும் ஆளைப் பாராதவை. சில நேரம் கொழுந்துக்கும் விறகுக்கும் போன நம்மவர் காலையே அவை பதம் பார்க்கும். பயிரைப் பன்றி அழிப்பது மெய். அந்தக் குடும்பத்தின் பசியும் மெய். ஆனால் கொல்பவன் இல்லாத இடத்திலே கொலை நிகழும் ஏற்பாடு எதுவோ, அதுவே எல்லா ஏற்பாடுகளிலும் கீழானது. துரை, தேடும் வேலையை ஒரு சிறுவன் மேற் சுமத்தினார். கண்ணி வைப்பவன் தேடுவதையே கைவிட்டுவிட்டான். இரண்டும் ஒரே பிழையின் இரண்டு படிகள்.

மருமகனுக்கு எழுதிய மறுமொழியின் இறுதியில் இவ்வாறு எழுதினேன்: “உன் தாத்தா வேட்டைக்காரர் அல்லர். அவர் தேடியவர். அதிலே உனக்கு வெட்கம் வேண்டாம். அந்த வேட்டையில் உண்மையை முழுதாய் அறிந்திருந்தவர் அவர் ஒருவரே. என் சொல்லைக் கேட்பதாயின் இந்தப் பருவத்தில் துப்பாக்கி வாங்காதே. உன் நண்பர்களோடு போ. அவர்கள் சுடட்டும், நீ நீரில் இறங்கித் தேடு. எத்தனை சுட்டார்கள், எத்தனை கிடைத்தன என்று நீயும் ஒரு கணக்கு வை. அடுத்த ஆண்டும் உனக்குத் துப்பாக்கி வேண்டுமென்று தோன்றினால், எதை வாங்குவது என்று என்னைக் கேட்க உனக்குத் தேவை இராது.”

சென்ற கிழமை அவனிடமிருந்து பதில் வந்தது. துப்பாக்கியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீரில் இறங்குவதற்கான நெடும்பாதணி இடுப்பளவு போதுமா, மார்பளவு வேண்டுமா என்று கேட்டிருந்தான். மார்பளவே நல்லது என்று எழுதியிருக்கிறேன்.